பிள்ளைகளோடு ராமநாதபுரம் அருங்காட்சியகங்கள்: முதல்முறை வருகிறவர்களுக்கு

சில வருஷத்துக்கு முன் ஒரு காலை. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குள் என் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தேன். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அறுபது பேர் போல உள்ளே வந்தார்கள். முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து வரிசை. "தொடாதே, பேசாதே, நட" என்ற குரல் மட்டும் கேட்டது. கால் மணி நேரத்தில் எல்லோரும் வெளியே. கடைசியில் வந்த ஒரு சிறுமி சுவரை அண்ணாந்து பார்த்து, "டீச்சர், அந்த ஆளு மட்டும் ஏன் தொப்பி போட்டிருக்காரு?" என்றாள். வரிசை நகர்ந்துவிட்டது. அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அவள் பார்த்தது, சேதுபதி மன்னரைச் சந்திக்க வந்த ஐரோப்பியரின் படம். எங்கிருந்து வந்தார்கள், எதற்கு வந்தார்கள், நம் கடலில் அவர்களுக்கு என்ன வேலை என்று அந்த ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அன்றிலிருந்து என் பிள்ளைகளையும் தெருப் பிள்ளைகளையும் நானே கூட்டிப் போகிறேன். அப்படிப் போய்ப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளியூரிலிருந்து ராமேஸ்வரம் சாமி கும்பிட வருகிறவர்களுக்கும், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கும் இது உதவும்.

முதலில் நாள் கணக்கு

ஒரு நாளுக்கு ஒரு கட்டடம், ஒரு கடற்கரை. அதற்கு மேல் வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். நடுவில் மண்டபம், பாம்பன் எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக வருவதால், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். சாயங்காலம் கேட்டபோது பெரியவனுக்கு எது அரண்மனையில் பார்த்தது, எது கலாம் மணிமண்டபத்தில் பார்த்தது என்று தெரியவில்லை. சின்னவளுக்கு வெயிலில் காய்ச்சலே வந்துவிட்டது.

தை, மாசி இரண்டும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும். சித்திரை வெயிலில் தனுஷ்கோடி மணலில் பிள்ளை கால் வைக்க முடியாது. கட்டாயம் கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் கடற்கரையைக் காலை எட்டரைக்குள் முடித்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அருங்காட்சியகங்களின் வார விடுமுறை ஒன்றுக்கொன்று மாறும். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவு முன்னால் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது பெரும்பாடு.

பையில் என்ன

கோடு போடாத நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், முந்நூறு வருஷத்து ஓவியம் இருக்கிற இடத்தில் மை எதற்கு? நோட்டுக்கு அடியில் வைக்கப் பரீட்சை அட்டை. தண்ணீர், தொப்பி, ஒரு துண்டு. முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி.

இன்னொன்று, இதை நான் எல்லோருக்கும் சொல்வேன்: வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து நடுவில் தீப்பெட்டி அளவு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று. பெரிய சுவரின் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது, கண் அலையும். அட்டையை ஒரு கண்ணுக்கு முன் பிடித்தால் சன்னலுக்குள் ஒரு குதிரைத் தலை மட்டும் தெரியும், அல்லது ஒரு கை, ஒரு கொண்டை. "உன் சன்னல்ல என்ன மாட்டுச்சு?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ராமலிங்க விலாசம்: சுவரோடு பேசுவது

இங்கேதான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர் கிழவன் சேதுபதி என்கிற ரகுநாத சேதுபதி. 1710இல் மறைந்தார். இந்த மாளிகை அவர் கட்டியது. அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், 1700களின் முதல் கால் நூற்றாண்டில், சுவரும் தூணும் விதானமும் ஓவியமாக நிறைந்தன. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் படத்தைக் காட்ட அவசரப்படாதீர்கள். இரண்டு நிமிடம் தூண்களுக்கு நடுவே சும்மா நிற்கட்டும். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே குளிர்ச்சி; ஏன் என்று கேட்டால் தடித்த சுவரையும் சுண்ணாம்பையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கோயில் போலவே மண்டபம், அதற்குள் இன்னொரு மண்டபம், அதற்குள் ஓர் அறை என்று அமைப்பு இருப்பதையும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள்.

பிறகு ஓவியம். ராமாயணம் இருக்கிறது, பாகவதம் இருக்கிறது, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது, மன்னரின் அன்றாட வாழ்க்கை இருக்கிறது. அத்தனையையும் விளக்க முயலாதீர்கள். பிள்ளை தன் அட்டைச் சன்னலில் பிடித்த ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். தரையிலேயே உட்காருங்கள், பிள்ளையின் கண் மட்டத்துக்கு நீங்கள் வந்தால்தான் அது பார்ப்பது உங்களுக்கும் தெரியும். நான் கேட்பது மூன்றே கேள்வி. யார் இருக்காங்க? என்ன செய்யறாங்க? எதை வச்சுச் சொல்றே? மூன்றாவதுதான் முக்கியம். "இவருதான் ராஜா" என்று சொல்லும் பிள்ளையிடம் "எதை வச்சு?" என்றால் நகையைக் காட்டும், பக்கத்தில் நிற்பவர்கள் கைகட்டி நிற்பதைக் காட்டும். சில படங்களுக்குக் கீழே தமிழ் எழுத்து இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுவதும் அதே பேச்சு.

போர்ச் சுவரின் முன்னால் பையன்கள் துப்பாக்கியை எண்ணுவார்கள். எண்ணட்டும். வாள், ஈட்டி, வளரி இருக்கும் பக்கமும் ஓடுவார்கள். வளரியின் வளைவை நோட்டில் அப்படியே வரையச் சொல்லி, "இதை எறிஞ்சா எப்படிச் சுத்திக்கிட்டுப் போகும்?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து அட்டையில் வெட்டி மொட்டைமாடியில் வீசிப் பார்க்கலாம்.

சிலர் தயங்குகிற ஒரு விஷயம்: மன்னரின் அந்தப்புரக் காட்சிகளும் இங்கே உண்டு. பிள்ளை பார்த்துக் கேட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். "ராஜாவும் ராணியும் பிரியமா இருக்காங்க" என்று சொன்னால் போதும், அடுத்த படத்துக்குப் போய்விடும். நாம் பதறினால்தான் அதற்குச் சந்தேகம் வரும்.

தொடக் கூடாது என்பதை மிரட்டிச் சொல்லாமல் காரணம் சொல்லுங்கள். பிள்ளையின் கையை ஒரு கண்ணாடித் துண்டில் அல்லது போன் திரையில் அழுத்தச் சொல்லி, விழுந்த ரேகையைக் காட்டுங்கள். "ஒரு நாளைக்கு நூறு பேர் இப்படித் தொட்டா?" என்று கேட்டால் என் அனுபவத்தில் அடுத்த பிள்ளையையும் அதுவே தடுக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இருபது நிமிடம் போதும். "சிவப்பு எங்கெங்கே இருக்கு?" என்ற ஒரே விளையாட்டு. பிறகு வெளியே போய் முற்றத்தில் ஓடட்டும்.

அழகன்குளம்: பானையிலிருந்து களிமண்ணுக்கு

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். 1986இலிருந்து தொல்லியல் துறை பல தடவை அகழ்ந்த ஊர். சங்க காலத்தில் கடல் வாணிபம் நடந்த இடம். கறுப்பு சிவப்புப் பானை, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடு, ரோமானியக் காசு, திராட்சை மது வந்த ஜாடியின் உடைசல், கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்திருக்கின்றன. ஊரில் போய்த் தேடினால் தென்னந்தோப்பும் வீடுகளும்தான் தெரியும், குழிகளை மூடிவிடுவார்கள். அதனால் முதலில் அரண்மனை அருங்காட்சியகத்தில் அழகன்குளத்துப் பொருட்களைப் பார்த்துவிட்டுப் பிறகு ஆற்றங்கரைப் பக்கம் போய் முகத்துவாரத்தைப் பாருங்கள். வரிசை மாறினால் பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது.

கண்ணாடிக்குள் இருக்கிற ஓட்டாஞ்சில்லைப் பார்த்து எந்தப் பிள்ளையும் துள்ளாது. அதன் வாயைத் திறக்க வைப்பது நம் வேலை. நான் செய்வது இது. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் போவேன், பெயர் வெட்டியது. "இதுல ஏன் பாட்டி பேரு இருக்கு?" "கல்யாண வீட்ல மாறிப்போகாம இருக்க." சரி, இப்போது அந்த ஓட்டைப் பார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஓர் ஆள் தன் பானையில் எழுத்தைக் கீறி வைத்திருக்கிறார். அது எதற்காக இருக்கும்? சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சின்னவளின் மூக்கு கண்ணாடியில் ஒட்டிவிட்டது.

கறுப்பு சிவப்பு எப்படி வந்தது என்பதும் பிள்ளைகளுக்குப் பிடித்த புதிர். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாமல் உள்பக்கமும் விளிம்பும் கறுக்கும். வெளியே தீயும் காற்றும் பட்டுச் சிவக்கும். வர்ணம் பூசியது இல்லை.

வீட்டுக்கு வந்து களிமண் வேலை. கண்மாய் மண் அல்லது மண்பாண்டம் செய்கிறவரிடம் வாங்கிய மண், சப்பாத்தி மாவுப் பதத்தில். உள்ளங்கை அளவு தட்டையாகத் தட்டி, உடைந்த சீப்பின் பல்லால் வட்ட வட்டமாகப் புள்ளி குத்துங்கள். ரோமானிய வணிகம் நடந்த துறைமுகங்களில் கிடைக்கும் தட்டுகளில் அப்படித்தான் வரிசைப் புள்ளி வளையம் இருக்கும். இன்னொரு தட்டில், தமிழி எழுத்து அட்டவணையைப் பார்த்துத் தன் பெயரை ஈர்க்குச்சியால் கீறட்டும். நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். காய்ந்ததும் ஒன்றை வேண்டுமென்றே உடைத்து, துண்டுகளை மணலில் புதைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அகழ்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கரண்டியும் பழைய பெயின்ட் பிரஷும் போதும். துண்டு எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். மண்வெட்டியால் வெட்டினால் என்ன போகும் என்று அப்போது தெரியும்.

ஊரில் நடக்கும்போது தரையில் பழைய ஓடு கிடந்தால் எடுத்துப் பையில் போட விடாதீர்கள். கிடந்த இடத்திலிருந்து பெயர்ந்துவிட்டால் அது வெறும் ஓடு. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள்.

மண்டபம்: தொட்டி மீனும் கரை மீனும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே மண்டபம் முகாமில்தான் இருந்தது. இப்போது இருப்பது மண்டல மையம். அங்கே மீன் காட்சியகமும் கடல் உயிர் அருங்காட்சியகமும் உண்டு.

தொட்டி தொட்டியாக ஓடாமல் ஒன்றின் முன்னால் ஐந்து நிமிடம். மீன் திரும்பும்போது எந்தச் செட்டை அசைகிறது, நிற்கும்போது எது அசைகிறது? வால் மட்டும்தான் அசையும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் நெஞ்சுச் செட்டை ஓயாமல் ஆடுவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். வரைந்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

மறுநாள் விடியற்காலை பாம்பன் பக்கம் மீன் இறங்கும் கரைக்குப் போங்கள். நேற்று கண்ணாடிக்குள் பார்த்ததன் சொந்தக்காரர்கள் கூடைக்குள் இருப்பார்கள்: பாறை, விளை, ஓரா, கணவாய், திருக்கை. ஏலம் நடக்கும் நேரம் குறுக்கே நிற்காமல், கூட்டம் கலைந்த பிறகு மீன் தரம் பிரிக்கும் அக்காமாரிடம் "இதுக்குப் பேரு என்னக்கா?" என்று பிள்ளையையே கேட்க விடுங்கள். ஒரு தடவை அப்படிக் கேட்டதற்கு ஓர் அம்மா திருக்கையைப் புரட்டிப் போட்டு வாயும் செவுளும் அடியில் இருப்பதைக் காட்டி, "மேலே இருக்கறது கண்ணு, கீழே இருக்கறது வாயி, பாத்துக்க தங்கம்" என்றார். அந்தப் பாடத்தை நான் எந்தப் பலகையிலும் படித்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், கூட்டம் குறைவு, பேச நேரம் கிடைக்கும்.

சங்கு கையில் கிடைத்தால் ஒரு சின்னப் பாடம். சங்கின் வால் (நீண்டு குறுகும் முனை) மேலே, முடி (சுருள் முனை) கீழே, வாய் நம்மைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி; நம் கடலில் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே அதுதான். வலப்பக்கம் இருந்தால் வலம்புரி, மிக அரிது. பிறகு நத்தையையும் இப்படியே பிடித்துப் பார்ப்பார்கள்.

கடைகளில் எதை வாங்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பவளம், கடல்குதிரை, கடல்விசிறி, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986இலிருந்து தேசியப் பூங்கா. கரையில் பொறுக்கும் சிப்பியைக்கூட முதலில் தண்ணீரில் வைத்து ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். உள்ளே நண்டு குடியிருந்தால் காலை நீட்டும். நீட்டினால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். சொறி என்கிற ஜெல்லிமீன் கரையொதுங்கிக் கிடந்தால் செத்ததாகத் தெரிந்தாலும் தொட வேண்டாம், அரிக்கும்.

பாம்பனும் கலாமும்

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. அப்போது கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது; ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித்தான் தூக்கினார்கள். 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் ஏறும், மின்சாரத்தில். இதை உடம்பாலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கைகளைக் கிடையாக நீட்டி விரல் தொட்டு, பிறகு மேலே தூக்கினால் பழைய பாலம். ஒரு தட்டை இரண்டு பேர் இருபக்கமும் பிடித்து நேராக உயர்த்தினால் புதுப் பாலம். எதற்கு அதிக இடம் வேண்டும், எதில் ஒரு பக்கம் கனத்தால் சிக்கல் என்று அவர்களே சொல்வார்கள். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி இதைச் செய்யாதீர்கள். பாம்பன் கரையில் இறங்கி நின்று பாருங்கள்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் தேசிய நினைவகம், 2017 ஜூலை 27இல் திறந்தது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. இதை நான் நல்லதாகவே நினைக்கிறேன்: போன் இல்லாத இடத்தில் கண் வேலை செய்யும். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து மனதில் பதித்து, வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையட்டும். ஏவுகணை மாதிரியைப் பார்த்த கையோடு ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் உள்ள அவர் வீட்டுக்கும் போங்கள். உலகப் போர்க் காலத்தில் ரயில் இங்கே நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து எறிந்த பத்திரிகைக் கட்டுகளைச் சேர்த்து வீடு வீடாகக் கொடுத்த சிறுவன் அவர். அவர் படித்த ஸ்வார்ட்ஸ் பள்ளி ராமநாதபுரத்தில் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏவுகணையை விட இந்தச் சின்ன வீடும் பேப்பர் கட்டும்தான் பக்கத்தில் நிற்கும்.

தனுஷ்கோடியை நான் கடைசியாக வைப்பேன், பத்து வயதுக்கு மேல் என்றால் மட்டும். 1964 டிசம்பர் புயல் தின்ற ஊர் அது. தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. சுவரில் பதிந்திருக்கும் பவளக் கல்லைப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள், சின்னச் சின்னப் பூப்போல இருக்கும். அங்கே கத்தி விளையாடும் பிள்ளையை அடக்குங்கள். ஆட்கள் செத்த இடம். அரிச்சல்முனையில் தண்ணீரில் இறக்கவே கூடாது. ஒரு பக்கம் பெண்கடல் அமைதியாக இருக்கும், மறுபக்கம் ஆண்கடல். சேருமிடத்தில் இழுப்பு அதிகம். மாசி, பங்குனியில் போனால் வனத்துறை ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைக்கும் இடம் பற்றி அலுவலகத்தில் கேளுங்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் நிற்க வாய்த்தால் மற்றத் திட்டங்களைத் தள்ளிப்போடலாம்.

வீட்டில் ஒரு அலமாரி

திரும்பி வந்த வாரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும், ஆறிப்போனால் நடக்காது. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுங்கள். களிமண் தட்டு, ஓவியம், காலிச் சிப்பி, ரயில் டிக்கெட், எது வேண்டுமானாலும் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: என்ன, எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் கொண்டுவந்தது. எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். வீட்டுக்கு வருகிற தாத்தா பாட்டிக்குப் பிள்ளைதான் சுற்றிக் காட்ட வேண்டும், நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. தாத்தா தன் பங்குக்கு ஒரு பழைய ஓட்டைக் காலணாவைக் கொண்டுவந்து வைப்பார்; அதற்கும் சீட்டு எழுத வேண்டும்.

எங்கள் வீட்டுத் தட்டில் இப்போது பதினேழு பொருள் இருக்கிறது. நடுவில் ஒரு வெறும் தீப்பெட்டி. அதன் சீட்டில் என் சின்னவள் எழுதியிருப்பது: "நண்டு. பாம்பன் கரை. உள்ளே ஆள் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்."